ஆலடி ஒழுங்கை

எங்கட வானுக்கு லப்டொப் தாங்கி பூட்டினோம். டாஷ்போர்டில் ஒட்டுறது சரிவராது, கிரவல் றோட்டுக் குலுக்கலில் கழண்டுவிடும். முன் சீற் போல்ட்டைக் கழற்றி, அதே துளையில் இரும்புத் தகட்டை வைத்து இறுக்கினோம். யூஎஸ்பி ஜிபிஎஸ் கண்ணாடியோரம். அதுக்கு வானம் தெரிஞ்சால் போதும், டவர் தேவையில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மப்பை முதலே இறக்கி வைத்திருந்தோம்.

பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதி வரைக்கும் எல்லாம் சரி. புதுக்குடியிருப்பில் உள்ளுக்கு இறங்கினால் அம்புக்குறி வெறும் வெள்ளையில் நிக்குது. ஒழுங்கை இருக்கு, வீடுகள் இருக்கு, வரைபடத்தில் இல்லை. "ஆலடியால திரும்புங்கோ பிள்ளையள்" எண்டு ஒரு அம்மா வழி சொன்னா. இரவில வாற 1990 அம்புலன்ஸுக்கு ஆர் ஆலடி காட்டுறது? ஓடின தடத்தைச் சேமித்து, அயலில கேட்டு, அவையள் சொல்லுற பேரையே எழுதி ஏற்றினோம்: ஆலடி ஒழுங்கை.