தட்டை விளிம்பும் மாடப்புறாவும்

அக்கரப்பத்தனை டவுனில் புதிய மாடிக்கடை ஒன்று எழும்பினால், ஜன்னலுக்கு மேலே நீட்டிவிடும் கொங்கிரீட் தட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய தேயிலை ஸ்டோர்களுக்கும் லயங்களுக்கும் சரிவான தகரக் கூரை. மழைத் தண்ணீர் நிற்காது, புறாவுக்கும் வசதியாக உட்கார இடமில்லை. இப்போதோ எல்லாம் தட்டை.

மாடப்புறா பாறைப் பறவை. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்குள்ள பாறைகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால்தான். அவற்றுக்காகவே 1963இல் அதைச் சரணாலயமாக்கினார்கள். 2003இல் தேசியப் பூங்காவானது. அந்தப் பறவையின் கண்ணுக்கு நம் மூன்று மாடிச் சுவர் ஒரு பாறை முகம், ஜன்னல் மேல் சன்ஷேட் அதில் துருத்தும் படி. புறாமேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எச்சம் சுண்ணத்தையும் தகரத்தையும் அரிக்கிறது. இறகும் சுள்ளியும் கூரைப் பீலியை அடைத்து, ஆடி மழைத் தண்ணீரைச் சுவருக்குள் இறக்குகின்றன. காய்ந்த எச்சத்தூள் நெஞ்சுக்கும் ஆகாது.

புறாவை அண்டவிடாமல் தடுக்க, கண்ணை உறுத்தாத வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சாய்வு. விளிம்பின் மேல் 45 பாகைக்குக் குறையாத சரிவில் சாந்து பூசி, சுவரின் நிறமே அடித்துவிட்டால் தெருவில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. புறாவுக்குக் கால் தரிக்காது. நம் ஊர் மழைக்குத் தண்ணீரும் தேங்காது. கட்டும்போதே மேசன் பாஸிடம் சொன்னால் செலவும் பெரிதாக வராது.

கட்டி முடித்த விளிம்பு என்றால், சிறு ஊசித்தூண்களுக்கிடையே ஸ்பிரிங் வைத்து இழுத்த மெல்லிய துருப்பிடிக்காத கம்பி போதும். உட்கார வரும் புறாவுக்குப் பிடி ஆடும், அது வேறு இடம் தேடும். கூரைக்கடியில் 50 மில்லிமீட்டர் கண் வலையை இறுக்கிக் கட்டலாம். தொய்ந்தால் பறவை சிக்கிச் சாகும். ஒட்டும் பசையை யாரும் தொடவே வேண்டாம். சின்னக் குருவிகளின் இறகு அதில் மாட்டிவிட்டால் அவற்றுக்கு மீட்சியில்லை. பிளாஸ்டிக் ஆந்தையைச் சில நாளில் புறா கண்டுகொள்ளும். நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவியும் வீண், அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது.

இவை எல்லாம் புறாவைப் பக்கத்துக் கடைக்குத்தான் அனுப்பும். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தீனி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1988 முதல் நான்கு ஆண்டுகள் தீனி போடவேண்டாம் என்று மக்களிடம் எடுத்துச் சொல்லி, சுமார் 20,000 புறாக்களைப் பாதியாகக் குறைத்தார்கள். கோயில் வாசலில் அரிசி இறைப்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் தீனி தாராளமாகக் கிடைத்தால் ஒரு சோடி ஆண்டில் பலமுறை இரண்டிரண்டு முட்டையிடும், குஞ்சுகள் நெருக்கத்தில் நோய்ப்படும். அரிசி இறைக்கும் பெரியம்மாக்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். கடை வாசலில் சிந்தும் அரிசியையும் பருப்பையும் அன்றன்றே கூட்டிவிட வேண்டும்.

எதைப் பொருத்துவதானாலும் முதலில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை பொரிய 18 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம் போல ஆகும். அதுவரை பொறுத்திருந்து, பிறகு மூக்கை மூடிக்கொண்டு, எச்சத்தைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.