மான் பல்லுக்கு என்ன வெகுமதி?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் முடிந்து கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டிக் குதிரைப் பந்தயம் விட்ட மைதானம் இது. குதிரைகள் போய்விட்டன, பீர் நிலைத்துவிட்டது. இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் அறுபது லட்சம் பேர் வந்துபோகிறார்கள். அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவரின் ஷரிவாரி தொலைந்துபோனது.

தோல் கால்சட்டையின் முன்பக்கம் குறுக்கே மாட்டிக்கொள்ளும் வெள்ளிச் சங்கிலி அது. பழைய காசு, காட்டுப்பன்றிக் கோரைப்பல், வேட்டையாடிய மானின் பல் என்று வரிசையாகத் தொங்கும். இப்படித் தொங்கவிடும் பல் ஒரு மானுக்கு மேல்தாடையில் இரண்டே இரண்டுதான். ஷரிவாரி கடையிலும் கிடைக்கிறது. ஆனால் பழைய குடும்பத்துக்காரர்கள் வாங்கமாட்டார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டும். பெரியவருடையது தாத்தா காலத்தது.

வாத்தியக்குழு சூடுபிடித்தால் கூடாரத்துக்குள் எல்லாரும் பெஞ்சுமேல் ஏறி ஆடுவார்கள். எண்பதை நெருங்கும் இவரும் ஏறியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் சங்கிலி இல்லை.

மைதானத்திலேயே தொலைந்த பொருட்களுக்கு ஓர் அலுவலகம் உண்டு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சேரும்: உடுப்பு, பர்ஸ், கைபேசி, கல்யாண மோதிரம், பல்செட்டு. (பல்செட்டு இல்லாமல் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்களோ!) துணைக்கு நானும் போனேன். அடையாளம் சொல்லச் சொன்னார் அங்கிருந்த அம்மாள். மரியா தெரேசா வெள்ளிக்காசு, 1780 என்று போட்டிருக்கும் என்றார் பெரியவர். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரரசி மரியா தெரேசா இறந்த ஆண்டு அது. அதற்குப்பின் எப்போது அடித்த காசிலும் 1780தான் இருக்கும். பிறகு பெரியவர் எந்த மான், எந்த மலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஒரு வளையம் அறுந்தபோது பாட்டி செப்புக்கம்பியால் முறுக்கிக் கட்டியதையும் சொன்னார். அம்மாள் செப்புக்கம்பியை மட்டும் எழுதிக்கொண்டார்.

கண்டெடுத்தவருக்கு என்ன தரவேண்டும் என்று ஜெர்மன் சட்டமே சொல்லிவிடுகிறது. 500 யூரோ மதிப்பு வரை 5 சதவீதம். அதற்கு மேல் உள்ள தொகைக்கு 3. ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் பொருள் எடுத்தவருக்கே. எனக்குப் பிடித்தது இன்னொரு வரி. உடையவருக்கு மட்டுமே மதிப்புள்ள பொருள் என்றால் நியாயத்துக்குத் தோன்றுகிறபடி வெகுமதியை முடிவு செய்யவேண்டுமாம். காசுக்கணக்குப் பார்க்கும் வக்கீல்களில் யாரோ ஒருவருக்குப் பாட்டி இருந்திருக்கிறாள்.

நம்மூர் ஆனித் தேரோட்டத்தில் சங்கிலிக்கு ஊக்கு குத்துங்கள், சேலையால் மூடிக்கொள்ளுங்கள் என்று போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்குமே. நாம் அதற்கும் ஒருபடி மேலே போய், ஆச்சி அட்டிகையை லாக்கரில் பூட்டிவிட்டுக் கவரிங் மாட்டிக்கொண்டு வடம் பிடிக்கிறோம். பெரியவரின் மகளும், வீட்டிலேயே வைத்திருக்கக்கூடாதா என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் பெரியவர் கட்சி. திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ளத்தான் அந்தச் சங்கிலி. இருட்டில் கிடப்பதற்கு ஆட்டத்தில் தொலைந்தது எவ்வளவோ மேல். மதினியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சங்கிலி இன்னும் வரவில்லை. வெகுமதி மட்டும் முடிவாகிவிட்டது: எடுத்தவருக்கு அடுத்த ஆண்டு இவர் மேசையில் ஓர் இடம், ஒரு லிட்டர் பீர், அரைக்கோழி. லிட்டர் 15 யூரோவைத் தொட்டிருக்கிற காலத்தில் இதுவே தாராளம் என்கிறார். முழுக்கோழியாகக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்கிறார் அவர் மனைவி.

அன்புடன்,
உங்கள் தம்பி