சொத்தைக் கடலை தின்ற நாய்

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கார்த்திகை மழை விட்ட மறுவாரம், ஒரு விவசாயி வீட்டு நாய் சோற்றைத் தொடவில்லை. எட்டு வருஷமாகக் களத்தைக் காத்த நாய். இரண்டு நாள் திண்ணையடியில் சுருண்டு கிடந்தது. மூன்றாம் நாள் வாந்தி. சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனார் வீட்டுக்காரர்.

"என்ன தின்னுச்சு?" என்றார் டாக்டர்.

"வீட்டுச் சோறுதான் சார். கொஞ்சம் கடலை வறுத்துப் போட்டோம்."

"எந்தக் கடலை?"

அவர் தயங்கித்தான் சொன்னார். ஆடிப்பட்டக் கடலை மழையில் மாட்டிக்கொண்டது. அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டி, உள் அறையில், ஓதம் ஏறிய சுவரில் சாய்த்து, வெறும் சிமென்ட் தரையில் அடுக்கினார்கள். மூட்டையைப் பிரித்தபோது அடியில் இருந்தவை உள்ளே சூடாக இருந்தன. மக்கல் வாடை அடித்தது. பருப்பில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள். அவருடைய அம்மா உட்கார்ந்து பொறுக்கினார். நல்லது விற்பனைக்கு. சொத்தையில் ஒரு பங்கு நாய்க்கு, ஒரு பிடி கோழிக்கு, மீதி செக்குக்குப் போய்ப் பசுவுக்குப் புண்ணாக்காக வந்தது. எதையும் வீணாக்காத வீடு. குறை சொல்ல மனம் வராது. பல வீடுகளில் நடப்பதுதான்.

அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். நேரே ஈரலைத் தாக்கும். வறுத்தால் பூசணம் சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கும். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்கள் பலவற்றில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் நோயுற்றார்கள். 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே மஞ்சள், அதே சாவு.

மஞ்சள் கண்ட நாய்க்கெல்லாம் காரணம் பூசணம் என்று சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலாலும் வரும், உண்ணிக் காய்ச்சலாலும் வரும். அதனால்தான் தின்றது என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி ஈரலைத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவே.

ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார்: "மாட்டுக்கும் அந்தப் புண்ணாக்குத்தானா? பால் யார் குடிக்கிறாங்க?"

வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி இருந்தாள்.

பசு தின்ற நஞ்சு ஒரே நாளில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம்; கண்ணுக்கோ நாக்குக்கோ தெரிகிற அளவா அது? தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலில் குறைந்துவிடும். சந்தேகமான தீவனத்தைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே புண்ணாக்கு குழிக்குள் போனது. குப்பையில் கொட்டினால் அடுத்த வீட்டு நாய் தின்னும். குஞ்சுக் கூடையில் கிடந்த பூசண வைக்கோலையும் மருமகள் மாற்றினாள். அது வேறு தொல்லை: பூசணத் தூள் நுரையீரலுக்குள்ளேயே வளர்ந்து, குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்.

நாய் ஐந்தாம் நாள் செத்தது. களத்து வேப்பமரத்தடியில் புதைத்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காய வைக்கிறார்கள். மூட்டைகள் பலகை மேல், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி நிற்கின்றன. பாட்டி இன்னும் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்குகிறார். "கோழிக்கு மட்டும் ஒரு பிடி போடட்டுமா?" என்று போன வாரமும் கேட்டார்.

"வேணாம் அத்தே" என்று முறத்தை வாங்கிக்கொண்டு குழிப்பக்கம் போனாள் மருமகள்.