நீயா, நீரா?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து உட்காரும்போது படியுங்கள்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. உங்களில் எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்தி, "செஞ்ச தப்பை உன் வாயாலேயே சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். இன்று என் முறை.

போன மே மாத விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரன் ஊருக்கு வந்திருந்தான். ஏழு வயது. சென்னையில் படிக்கிறான். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். என் அம்மா காலத்திலிருந்து அது மாறவில்லை. டிவியை அணைத்து, பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, பிறகு சின்னப் பிள்ளையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக ஜெபம் செய்ய வேண்டும்.

முதல் நாள் இவன் முறை வந்தது. ஒரு காலை நீட்டிக்கொண்டு, பாய் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தான். "இயேசப்பா, நீ இன்னைக்கு என்ன பண்ண? நான் கிணத்துல தவளை பாத்தேன். நீதான அதைச் செஞ்ச? சூப்பரா இருந்துச்சு. நீ சாப்ட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருஷம் வகுப்பில் நின்ற வாய் சும்மா இருக்குமா? "ஏல, நிறுத்து. ஆண்டவரைப் போய் நீன்னு சொல்லலாமா? நீர்னு சொல்லணும். காலை மடக்கு. கையைக் கூப்பு. முதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

பிள்ளை பயந்துபோய்க் காலை மடக்கினான். "இயேசப்பா, நீர்... நீர் சாப்ட்டியா..." என்றான். பக்கத்தில் இருந்த மகன் வயிற்றுப் பேத்தி, "நீர்னா தண்ணிதான ஆச்சி?" என்று குபீரென்று சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அவன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் முறை வந்தபோது, "ஆச்சியே பண்ணட்டும்" என்றான். அதற்கு மறுநாளும் அதே பதில். ஊருக்குப் போகும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு மகள் போன் செய்தாள். "அம்மா, தூங்கப் போறதுக்கு முன்னாடி இவன் அரை மணி நேரம் இயேசப்பாகிட்ட பேசிக்கிட்டு இருப்பான். இப்ப பேசுறதே இல்ல. ஏன்டான்னு கேட்டா, தப்பா சொல்லிட்டா அவருக்குக் கோபம் வரும்ங்கிறான். ஊர்ல என்னம்மா நடந்துச்சு?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பயபக்தி என்பது எங்களுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டது. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி உயரம். 1847-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில். தேரிக்காட்டுக்குள் எங்கே நின்றாலும் அந்தக் கோபுரம் கண்ணில் படும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது கோபுரம் தெரிந்தால் போதும், என் அம்மா பேச்சை நிறுத்தி முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். கோயிலுக்குள் செருப்புப் போட்டு நுழைந்தவர்களை நான் பார்த்ததே இல்லை. முட்செடி நடுவே எரிந்த நெருப்பைப் பார்க்கப் போன மோசேயைப் பாதரட்சையைக் கழற்றச் சொன்ன கதையை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லும்போது, "ஏன் கழட்டணும்?" என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பரிசுத்தமான இடம் என்றால் கழற்றத்தானே வேண்டும்! கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் சாமி கும்பிடும் வீடானாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கால் பழகிய பாடம்.

மொழியிலும் அப்படித்தான். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் மரியாதைக்கென்று தனி முன்னிலைச் சொல் கிடையாது. அரசனுக்கும் ஆட்டிடையனுக்கும் கடவுளுக்கும் ஒரே சொல்தான். தமிழுக்கு வந்தபோதுதான் 'நீர்', 'உமது', 'தேவரீர்' எல்லாம் வந்து சேர்ந்தன. 1871-ல் வந்த பவர் ஐயர் திருப்புதலைத்தான் எங்கள் சபைகள் இன்றும் வாசிக்கின்றன. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஆபிரகாம் 'அவன்', மோசே 'அவன்', தாவீது ராஜாவும் 'அவன்'. கடவுளையும் இயேசுவையும் சொல்லும்போதுதான் 'அவர்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், தாத்தாவா இருக்கிற ஆபிரகாமை ஏன் அவன்னு போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். கடவுளுக்கு முன்னால் மனுஷர் எல்லாரும் ஒரே வரிசை என்று அன்றைக்கு விளக்கம் சொன்னேன். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஆபிரகாமும் மோசேயும் 'அவர்' ஆகிவிட்டார்கள். அதிலும் கடவுளுக்கு 'நீர்'தான்.

இந்தப் பழக்கத்தை நான் நேசிக்கிறேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர் முன்பு சொன்னது அந்த ராத்திரியில் நினைவுக்கு வந்தது. தேவாரத்திலும் திருவாசகத்திலும் பிரபந்தத்திலும் அடியார்கள் பல இடங்களில் இறைவனை 'நீ' என்று கூப்பிடுகிறார்கள் என்றார். "டீச்சர், உங்க அப்பாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். "நீங்க என்பேன்." "அம்மாவை?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவை நான் 'நீ' என்றுதான் சொன்னேன். அம்மா மேல் எனக்கு மரியாதை குறைவா?

வேதத்தை எடுத்து மாற்கு பத்தாம் அதிகாரத்தை வாசித்தேன். பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அதட்டுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போதகருக்கு மரியாதை வேண்டும், தொந்தரவு கூடாது என்று நினைத்தவர்கள். இயேசு கோபப்படுகிறார். யார் மேல்? சத்தம் போட்ட பிள்ளைகள் மேல் இல்லை, அதட்டியவர்கள் மேல். அதே அதிகாரத்தின் கடைசியில் பர்திமேயு என்ற குருடன் வழியோரத்தில் இருந்து கத்துகிறான். பேசாதே என்று கூட்டம் அதட்டுகிறது. அவன் இன்னும் சத்தமாகக் கத்துகிறான். இயேசு நின்றுவிடுகிறார். ஒரே அதிகாரத்தில் இரண்டு முறை மரியாதையின் பெயரால் வாயை அடைக்கிறார்கள், இரண்டு முறையும் அவர் அடைக்கப்பட்டவர் பக்கமே நிற்கிறார். எத்தனை தடவை இந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! ஒரு தடவைகூட என்னை அந்தச் சீடர்கள் கூட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1980-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே, பிள்ளை வாசிக்கும்போது நடுவில் வெட்டாதே, முடிக்க விடு, பிறகு தனியாகத் திருத்து என்பதுதான். அதைப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டு, வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை, 'ழ' வரவில்லை என்று வகுப்பு முன்னால் பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. அவன் இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கலாம். தம்பி, என்னை மன்னித்துக்கொள்.

என் அம்மாவைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, முக்காடிட்டு, முழங்கால் போட்டு ஜெபித்த மனுஷி. எங்களுக்குப் பிரம்பால் அடித்துப் பயபக்தி சொல்லிக்கொடுத்தவள். கடைசி மாதம் படுத்த படுக்கை. ஒருநாள் ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தேன். அம்மா தனக்குள் பேசும் சத்தம் கேட்டது. "நீ எங்கய்யா இருக்க? எவ்வளவு நேரமா கூப்பிடுதேன். கிட்ட வாயேன்." முதலில் என் அப்பாவை நினைத்துப் புலம்புகிறாள் என்று நினைத்தேன். அப்பாவை அம்மா ஒருநாளும் 'நீ' என்று சொன்னவள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து "ஆமென்" என்றாள். அப்போதுதான் அது ஜெபம் என்று தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய், தலையில் முக்காடு இல்லையே என்று சேலை நுனியை எடுத்து அம்மாவின் தலைமேல் போட்டேன். அம்மா ஆண்டவரோடு முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்தாள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கடந்த ஆண்டு எனக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு முழங்கால் போட முடியாது. முதல் திருவிருந்து ஞாயிறன்று எல்லாரும் பீடத்தண்டை போய் முழங்காற்படியிட்டார்கள். நான் கடைசி பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்துகொண்டே வாங்குவது அவமரியாதை, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் ஐயர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி என் பெஞ்சுக்கு வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து கொடுத்தார். என் கை நடுங்கியது. அறுபது வருஷமாக நான்தான் அவரிடம் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மோசேயின் கதையிலும் இது இருக்கிறது. கிட்டே வராதே, பாதரட்சையைக் கழற்று என்று சொன்னவர், அடுத்து என்ன சொல்கிறார்? என் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்தேன், அவர்களை விடுவிக்க இறங்கினேன் என்கிறார். கழற்றச் சொன்னவரும் இறங்கி வந்தவரும் ஒருவரே. எபிரெயருக்கு எழுதின நிருபமும், தைரியமாய்க் கிருபாசனத்தண்டை வரலாம் என்று நாலாம் அதிகாரத்திலும், பயத்தோடும் பக்தியோடும் ஆராதிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் அதிகாரத்திலும் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவதற்கு எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கோயிலுக்குள் போன் நோண்டுகிறவர்களை இன்றும் முறைக்கத்தான் செய்வேன். செருப்பைக் கழற்றுங்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள். பெரியவர்களுக்கு உடம்பு செய்யும் மரியாதை மனதை நேராக்கும். அது என் அனுபவம். ஆனால் பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் பேசி முடிக்க விடுங்கள். முதலில் அவர்கள் ஆண்டவரிடம் பேசப் பழகட்டும். எப்படிக் கூப்பிடுவது என்பதை வீட்டில் நீங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவர்களே பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

போன வாரம் பேரனை வீடியோ காலில் கூப்பிட்டேன். "ஆச்சி அன்னைக்கு உன்னை நடுவுல நிறுத்துனது தப்பு. என்னை மன்னிச்சிருய்யா" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "நீன்னு சொன்னா இயேசப்பாவுக்குக் கோபம் வராதா?" என்று கேட்டான்.

"ஆச்சிக்குத்தான் கோபம் வந்துச்சு. அவருக்கு வரல."

"அப்ப நீங்க ஏன் சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

"டீச்சருக்குத் தெரியாதா?" என்றான். பிறகு நண்பன் கூப்பிடுகிறான் என்று ஓடிவிட்டான்.

நேற்று மகள் போனில் சொன்னாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுப்பு கேட்கிறதாம். நீயா, நீரா, நீங்களா, அவளுக்குக் கேட்கவில்லை. நானும் அதைக் கேட்டுச் சொல் என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடவுளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். எந்தச் சமயமாக இருந்தாலும் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் இந்த முறை திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்