தலையெழுத்தும் திரையெழுத்தும்

எல்லாம் அவன் எழுதிய எழுத்து என்று கூறிக் கைகட்டி நின்ற காலம் ஒன்று இந்த நாட்டிலே இருந்தது. உழுதவன் வயிறு காய்ந்தபோதும், விளைந்ததை அளந்துகொண்டு போனவன் வீட்டிலே விருந்து நடந்தபோதும், ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்கத் துணிந்த ஒருவனுக்கும் நெற்றியைச் சுட்டிக் காட்டினர். எழுதியவன் எங்கே? தெரியாது! எந்த மொழியிலே எழுதினான்? தெரியாது! பிழையாக எழுதியிருந்தால் எவரிடம் சென்று திருத்துவது? திருத்தவே இயலாது! இதற்குப் பெயர் தலையெழுத்து.

பகுத்தறிவாளர் அந்த நெற்றியைத் துடைத்துப் பார்த்தனர். எழுத்து ஏதும் இல்லை. ஆனால் நிலத்தின் பத்திரத்திலே எழுத்து இருந்தது. கடன் சீட்டிலே எழுத்து இருந்தது. யார் எந்தத் தெருவிலே நடக்கலாம் என்ற கட்டுப்பாட்டிலே எழுத்து இருந்தது. அவற்றையெல்லாம் எழுதியவை மனிதரின் கைகள். "எழுதிய கையைக் காட்டு!" என்ற கேள்வி பிறந்தது, எழுத்தின் ஆட்சி ஆட்டங்கண்டது.

இன்று வேறோர் எழுத்து வந்திருக்கிறது. அது நெற்றியிலே இல்லை. கையிலே பிடித்திருக்கும் கண்ணாடித் திரையிலே தோன்றுகிறது. உனக்குக் கடன் இல்லை என்கிறது. உன் வேலை முடிந்தது என்கிறது. எந்தச் செய்தியை நீ முதலிலே காணவேண்டும், எதைக் காணாமலே போகவேண்டும் என்று வகுக்கிறது. ஏன் என்று கேட்டால் வருகின்ற மறுமொழி, பழைய மறுமொழியின் உடன்பிறப்பு: "அது கணினி எடுத்த முடிவு; எங்கள் கையிலே ஒன்றுமில்லை."

இதைப்பற்றிப் பேச உமக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நாம் பொறியாளரல்லர். கல்லூரியிலே கலைப்பாடம் பயின்று, பள்ளியிலே தமிழ் கற்பிப்பது நம் தொழில். ஆனால், ஒருவரைப் பற்றி முடிவெடுத்து, அதை எண்ணாக எழுதி, அவர் கையிலே கொடுக்கும் வேலையை நாள்தோறும் செய்பவர்கள் ஆசிரியர்கள். விடைத்தாளிலே 34 என்று சிவப்பு மையால் எழுதினால், ஒரு மதிப்பெண்ணிலே தேர்ச்சி போய்விடும். மறுநாள் அந்த மாணவனின் தந்தை, களையெடுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, "ஐயா, ஏன் 34?" என்று கேட்டால், விடைத்தாளை விரித்து வைத்து, இந்த வினாவுக்கு இத்தனை, இந்தப் பிழைக்கு இத்தனை குறைவு என்று காட்டக் கடமைப்பட்டவர்கள் நாம். மேல்நிலைப் பொதுத்தேர்விலும் விடைத்தாளின் நகலைப் பெறவும், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கோரவும் மாணவருக்கு வழியுண்டு. "எம் பேனா அப்படி எழுதிவிட்டது" என்று எந்த ஆசிரியரும் தப்பித்துக்கொள்ள முடியாது. பேனாவுக்குப் பொருந்தாத சாக்கு, கணினிக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? இதுவே நம் கேள்வி. இதைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

செயற்கை அறிவு என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும் இந்தப் பொறி, வானத்திலிருந்து இறங்கிய ஞானி அன்று. நேற்று நடந்தவற்றின் குவியலை அதனிடம் கொட்டுகிறார்கள். அதிலே அடிக்கடி வரும் ஒழுங்கைக் கண்டுபிடித்து, நாளையும் அப்படித்தான் நடக்கும் என்று அது கணிக்கிறது. நேற்று நீதியாக இருந்தால் நன்று. நம் நாட்டின் நேற்று எப்படி இருந்தது? ஊர்த் தெருவுக்குக் கடன் கொடுத்துச் சேரிக்கு மறுத்த பழைய கணக்கேட்டைப் பாடநூலாக வைத்துப் பயிற்றினால், சேரியின் முகவரியைக் கண்டவுடனே பொறி கதவைச் சாத்தும். சாதியின் பெயர் ஒரு வரியிலும் இராது. சாதியின் வேலை மட்டும் சத்தமின்றி நடந்தேறும்!

இது வெறும் கற்பனையச்சம் அன்று என்பதற்கு, ஆசிரியத் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020-ஆம் ஆண்டு, கொரோனா நோயின் காரணமாக இங்கிலாந்திலே பள்ளி இறுதித் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆசிரியர்கள் தம் மாணவருக்குரிய தரத்தை மதிப்பிட்டு அனுப்பினர். தேர்வுகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்குவால், ஒரு கணக்குமுறையைக் கொண்டு அந்தத் தரங்களை மாற்றியமைத்தது. மாணவன் படிக்கும் பள்ளி முந்தைய ஆண்டுகளிலே எப்படித் தேறியது என்பது அந்தக் கணக்கிலே பெரும்பங்கு வகித்தது. ஆகஸ்டு 13-இல் முடிவுகள் வந்தன. ஆசிரியர் தந்த தரங்களிலே ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நலிந்த பகுதியிலே இருக்கும் பள்ளி ஒன்று. அங்கே இதுவரை எவரும் எட்டாத தரத்தை எட்டக்கூடிய ஏழைப் பெண் ஒருத்தி. அவளுக்கு முன்னே படித்தவர்கள் எட்டவில்லை என்பதற்காக அவளும் எட்டமாட்டாள் என்றது கணக்கு. மிகச் சிறிய வகுப்புகளுக்கோ ஆசிரியர் தந்த தரமே செல்லும் என்று விதிவிலக்கு. அத்தகைய சிறிய வகுப்புகள், பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளிலே மிகுதி! உன் தாத்தன் படிக்கவில்லை, ஆகவே உனக்குப் படிப்பு வராது என்ற பழைய பேச்சுக்கும் இந்தப் புதிய கணக்குக்கும் வேற்றுமை என்ன?

ஆனால் அந்த மாணவர்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டிலே அமரவில்லை. வீதிக்கு வந்தனர், பதாகை ஏந்தினர். நான்கே நாளில், ஆகஸ்டு 17-இல், கணக்குமுறை கைவிடப்பட்டு, ஆசிரியரின் மதிப்பீடு ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் பள்ளி ஒன்றிலே பேசிய பிரதமர் போரிஸ் ஜான்சன், திரிந்துபோன ஒரு கணக்குமுறையின் மீது பழியைப் போட்டார். கணக்கு தானாகவே பிறந்து, தானாகவே திரிந்ததாம்! அதை வகுக்கச் சொன்ன கை எது, ஒப்புதல் தந்த கை எது என்ற கேள்வியை ஒரே சொல்லிலே மறைத்துவிடும் சாமர்த்தியத்தைக் கண்டீரா?

நெதர்லாந்தின் கதை இதனினும் கொடிது. குழந்தைக் காப்பகச் செலவுக்கு அரசு தரும் உதவித்தொகையிலே மோசடி செய்பவர் யார் என்று கணிக்க, அந்நாட்டு வரித்துறை ஒரு பொறியமைப்பைப் பயன்படுத்தியது. விண்ணப்பித்தவர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா என்பதும் அந்தக் கணிப்பிலே ஓர் அளவுகோலாக இருந்தது. பல்லாயிரம் பெற்றோர், பெரும்பாலும் குடியேறி வந்த எளிய குடும்பத்தினர், குற்றவாளிகளாக்கப்பட்டனர். பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னதால் கடனிலே மூழ்கினர்; குடும்பங்கள் சிதறின. உண்மை வெளிவந்தது, 2021 சனவரி 15-இல் அமைச்சரவையே பதவி விலகிற்று. எனினும் இழந்த ஆண்டுகளை எந்தப் பதவி விலகல் திருப்பித் தரும்?

தொலைவிலே நடந்தவை மட்டுமல்ல இவை. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், பள்ளிப் படிப்பை முடித்து நகரத்துக்குச் சென்று, வீடுதோறும் உணவு கொண்டு சேர்க்கும் வேலையிலே சேர்ந்தான். தவணைக் கடனிலே வண்டி வாங்கினான். மழையிலும் வெயிலிலும் ஓடினான். ஒருநாள் காலையிலே செயலியைத் திறந்தால், கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. காரணம் இல்லை. உதவி எண்ணிலே பதிவு செய்த குரல். எழுதிக் கேட்டால் மறுமொழி தருவது இன்னொரு பொறி. மேலாளரும் இல்லை, மேசையும் இல்லை. பதினொரு நாள் கழித்து, மூடியது போலவே காரணமின்றித் திறந்தது. கூலி போயிற்று; வண்டித் தவணை மட்டும் தவறாமல் வந்தது. ஊருக்கு வந்திருந்தபோது நம்மிடம் சொன்னான்: "ஐ.டி. பிளாக் ஆயிடுச்சு சார். யாரைக் கேக்கறதுன்னே தெரியலே. எல்லாம் என் நேரம்."

என் நேரம்! பகுத்தறிவுப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை அவன். கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் சண்டையிட்டிருப்பான். ஆள் இல்லாத இடத்திலே விதி வந்து அமர்ந்துகொண்டது. மூடநம்பிக்கை மூளைக் குறைவினால் மட்டும் வளர்வதன்று. முறையிட இடமில்லாத இடத்திலெல்லாம் அது தானே முளைக்கும்.

சமூக ஊடகங்களின் வழக்கும் இதுவே. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்திலே போளூர் அருகே, கோயிலுக்கு வழி தேடிக் காரிலே வந்த குடும்பம் ஒன்று, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்ற வதந்தி, வாட்ஸ்அப் வழியாக அந்த வட்டாரமெங்கும் முன்பே பரவியிருந்தது. கூட்டம் திரண்டது, 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றது. அடித்த கைகள் குற்றக் கைகள்தாம்; ஐயமில்லை. ஆனால் பொய்க்கு அத்தனை விரைவான குதிரையைப் பூட்டிக் கொடுத்த கை? நாட்டின் பல மாநிலங்களிலே இத்தகைய கொலைகள் தொடர்ந்தபின், அதே ஆண்டு சூலையிலே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. ஐந்து என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மனிதர் உத்தரவிட்டார், குறைந்தது. பின்னர் குறைக்க முடிந்ததை முன்னரே குறைத்திருக்க முடியாதா?

மியான்மரிலே 2017-இல் ரோகிங்கியா மக்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு விரட்டப்பட்டனர். அவர்களுக்கெதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கிலே கொழுந்துவிட்டு எரிந்தது. அதைத் தடுக்கத் தான் போதிய அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரிலே அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பார்ப்போரைத் திரையைவிட்டு அகலவிடாத சரக்கே இலாபம் தரும் சரக்கு. சினமும் அச்சமும் அகலவிடாதவை. ஆகவே அவை முன்வரிசை பெறுகின்றன. இது பொறியின் இயல்பன்று; பொறிக்கு இடப்பட்ட கட்டளை.

அப்படியானால் பொறியை உடைப்பதா? அறிவுடையோர் வழி அதுவன்று. கண்பார்வை இழந்தவருக்கு இதே பொறி நூலைப் படித்துக் காட்டுகிறது. தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத மாணவி, புரியாத கணக்கை நள்ளிரவிலே அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். இரயிலை எதிர்க்கவில்லை நாம். இரயிலுக்குத் தடமும் கொடியும் நிறுத்தும் கருவியும் வேண்டும் என்கிறோம்.

அந்தத் தடத்தை அமைக்கும் பணி சில இடங்களிலே தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலும் பணியிடத்திலும் மனிதரின் முகக்குறி கண்டு உணர்ச்சியைக் கணிக்கும் பொறிகள், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் அன்றி, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடுக்கப்பட்டன. மாணவரின் கல்வித்தேர்ச்சியை மதிப்பிடும் பொறிகளை மிகுந்த ஆபத்துக்குரியவை என்று வகைப்படுத்தி, மனிதரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் அண்டை மாநிலமான கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம், செயலிவழித் தொழிலாளியை எழுத்திலே காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் நீக்கலாகாது என்கிறது. அவன் வேலையைத் தானியங்கிப் பொறி எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அவனுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. நேரம் என்று சொல்லி நெஞ்சைத் தேற்றிக்கொண்ட நம் மாணவனுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டு வரிதான்.

இந்திய ஒன்றியம் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. நம் தரவை நம் இசைவோடு பயன்படுத்தவேண்டும் என்ற கொள்கை அதிலே இருக்கிறது, வரவேற்போம். ஆனால், பொறி என்னைப் பற்றி ஏன் இப்படி முடிவெடுத்தது என்று காரணம் கேட்கும் உரிமை அதிலே எழுதப்படவில்லை. தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசு அதிலே வைத்திருக்கிறது. ஊருக்கு உபதேசம், தனக்கு விலக்கு!

கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மிலே சிலருக்கு ஐயம் எழும், எழவும் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை மறந்துவிடலாமா? 2012-இல் மும்பை முழு அடைப்பைக் கேள்வி கேட்டுப் பதிவிட்ட இளம்பெண்ணையும், அதை விரும்பியதாகக் குறியிட்ட தோழியையும் கைது செய்யப் பயன்பட்டது அந்தப் பிரிவு. 2015 மார்ச்சு 24-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிற்று. ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக உரைப்போம். பேசுகின்ற வாயைப் பூட்டும் சட்டம் வேறு. யார் பேச்சு கேட்கவேண்டும், யார் பேச்சு அமுங்கவேண்டும் என்று மறைவிலே முடிவெடுக்கும் முதலாளியை வெளியே அழைக்கும் சட்டம் வேறு. முன்னதை எதிர்ப்போம், பின்னதைக் கேட்டுப் பெறுவோம். குடிமகனின் வாய்க்குப் பூட்டு வேண்டா; கம்பெனியின் கணக்கேட்டுக்குத் திறவுகோல் வேண்டும்.

தோழர்களே! திரையிலே தோன்றும் ஒவ்வொரு தீர்ப்பின்மீதும் மூன்று கேள்விகளை வைக்கப் பழகுவோம். இதை எழுதச் சொன்னவர் யார்? எந்த ஏடுகளைப் படித்து எழுதியது? பிழையென்றால் எந்த மனிதரிடம் முறையிடுவது? மூன்றுக்கும் விடை தராத எதற்கும், பள்ளியிலோ பணிமனையிலோ அரசு அலுவலகத்திலோ, மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கும் உரிமை கிடையாது என்று சட்டமாகும் வரையிலே பேசுவோம், எழுதுவோம், மன்றங்களிலே தீர்மானம் இயற்றுவோம். வகுப்பறையிலே நம் மாணவருக்கு நாம் சொல்லித் தருவதும் இதுவே: எண் எவ்வளவு பெரிதாயினும், திரை எவ்வளவு பளபளப்பாயினும், அதற்குப் பின்னே ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உன் உரிமை.