எந்திரம் சரியாகத்தான் உருட்டியது

குழல் என்றால் தமிழ் படித்தவர்க்கு இசை நினைவுக்கு வரும். தூம்பு என்றால் ஏரி மதகும், அதைக் கட்டுவித்தோரைப் போற்றும் கல்வெட்டுகளும் நினைவுக்கு வரும். குழாய் என்ற சொல்லுக்கு மட்டும் அத்தகைய பெருமை வாய்க்கவில்லை. எனக்கோ அச்சொல்லைக் கேட்டவுடன், இரண்டு உருளைகளுக்கிடையே தகடு முனகிக்கொண்டே வளையும் ஓசை காதில் ஒலிக்கும். நான் தகரக்காரர் வீட்டுப் பிள்ளை. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். ஆனால், வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் நின்று நான் கற்பித்தவற்றுள் அடிப்படையான ஒன்றை நான் கற்ற இடம் வகுப்பறை அன்று. ஏற்காட்டு மலையில், கிளியூரில், ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகை. ஆகவே, அதை எழுதுகிறேன்.

சேலம் கோட்டைப் பகுதியில் அத்தாவின் பட்டறை இருந்தது. எட்டடிக்குப் பத்தடி. அங்கே உயிரற்ற பொருள்களுள் உயிருள்ளதுபோல் நடத்தப்பட்டது ஒன்றே ஒன்று. அது தகடு உருட்டும் கை எந்திரம். வார்ப்பிரும்புக் கால்கள் இரண்டு; அவற்றுக்கு நடுவே மூன்றடி நீளமுள்ள மூன்று உருளைகள்; பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் உள்ள இரண்டு உருளைகள் தகட்டைக் கவ்வி இழுக்கும். பின்னால் உள்ள மூன்றாவது உருளை அதை மேல்நோக்கித் தள்ளும். தகடு நேரே போக வழியின்றி வளையத் தொடங்கும். மூன்றாம் உருளையைத் திருகாணியால் சற்று உயர்த்தி, மீண்டும் ஓட்டினால் வளைவு இறுகும். இவ்வாறு மூன்று நான்கு ஓட்டத்தில் தட்டையாக இருந்தது வட்டமாகிவிடும். மேலுருளையின் ஒரு முனையைக் கழற்றித் தூக்கி, உருண்ட தகட்டை வளையலைக் கழற்றுவதுபோல் உருவி எடுப்பார் அத்தா.

ஒரே ஓட்டத்தில் வட்டமாக்கிவிட்டால் என்ன என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "அவசரப்பட்டா தகடு மடங்கும் தம்பி, வளையாது" என்பார். வளைத்த தகடு கைவிட்டதும் சற்று விரியும். ஆகையால் வேண்டிய அளவுக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக வளைக்க வேண்டும். தகட்டின் தொடக்க விளிம்பும் கடைசி விளிம்பும் உருளைக்குள் முழுதும் அகப்படாமல் தட்டையாகவே நின்றுவிடும். ஆகையால் அவற்றை முன்னரே மரச்சுத்தியால் தட்டி வளைத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்தால் ஆவது எது, ஆகாதது எது என்று அறிந்தவனுக்குத்தான் எந்திரம் வேலை செய்யும் என்பதை இந்த இரண்டு விதிகளிலேயே கண்டுகொள்ளலாம்.

அத்தா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆயினும் அவர் கணக்கில் ஓர் அங்குலத் தகடும் வீணாகாது. மூன்றடி அகலத் துத்தநாகப் பூச்சுத் தகட்டை மூன்றாகக் கிழித்தால், ஒவ்வொன்றும் 12 அங்குலம். விளிம்புகளை ஒன்றுக்கொன்று எதிராக மடித்துக் கொக்கிபோல் கோத்து அடிக்கும் மடிப்புக்கு முக்கால் அங்குலம். மீதி 11¼ அங்குலம். இதை 22-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் மூன்றரை அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதலான விட்டம் வரும். மழைநீர் இறங்கும் குழாய்க்கு அது பொருத்தமான அளவு. வட்டத்தின் சுற்றளவை நான் ஏட்டில் படிப்பதற்கு முன்பே அவர் கைவிரல் நுனியில் அது இருந்தது.

ஏற்காட்டில் காப்பி 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவரால் பயிரிடப்பட்டது என்பது வரலாறு. அதன்பின் எழுந்த தோட்ட வீடுகளுக்கும் காப்பிக் கிடங்குகளுக்கும் சரிவான கூரைகள். கூரை விளிம்பில் தகரத் தூம்பு. அதிலிருந்து தரைவரை தகரக் குழாய். அவற்றைப் போட்டுத் தரவும் பழுதுபார்க்கவும் அத்தா ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மலையேறுவார். முடிந்த குழாய்களை அவர் ஏற்றிச் செல்வதில்லை. "குழாயை ஏத்துனா பாதி வண்டி காத்துதான்" என்பது அவர் வாதம். தட்டைத் தகடுகளை அடுக்கி, உருட்டும் எந்திரத்தையும் கழற்றிப் போட்டுக்கொண்டு, 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து தோட்டத்து ஜீப்பில் போவோம். குழாய் அங்கேயே பிறக்கும். இன்று பெருங்கட்டடங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றுக்குழாய் செய்வோர், தகட்டுச் சுருளையும் எந்திரத்தையும் வேலை நடக்கும் இடத்திற்கே கொண்டுபோவதைக் காணும்போது, அத்தாவின் வாதம் எவ்வளவு சரியானது என்று வியக்கிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த ஆண்டு. காலாண்டு விடுமுறை. கிளியூரில் ஒரு தோட்டத்துக் கிடங்குக்குப் புதுக்குழாய் போடும் வேலை வந்தது. ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் ஓடிவந்து, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் விழும் அருவியின் ஓசை, காற்றுத் திரும்பும்போதெல்லாம் கொட்டகைவரை கேட்கும். சவுக்குபோல் உயர்ந்த வெள்ளோக்கு மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. அந்த வேலைக் கூலியை என் கல்லூரிச் சேர்க்கைக்கென்று அத்தா ஒதுக்கியிருந்தார். அந்த ஆண்டுதான் அவர் புதிதாக ஒரு நெளியுருளை எந்திரமும் வாங்கியிருந்தார். குழாயின் ஒரு முனையை அதில் கொடுத்துச் சுற்றினால், விளிம்பு சிறுசிறு நெளிவுகளாகச் சுருங்கி, அடுத்த குழாயின் வாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒடுங்கும்.

அத்தாவுக்குக் காய்ச்சல். உருட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு அவர் கொட்டகையில் படுத்துவிட்டார். கிடங்கின் பின்சுவரில் குழாய்களை மாட்டும் பணி என்னிடம் வந்தது. நான் ஏணியில் நின்று, அடியிலிருந்து தொடங்கி, கூம்பிய முனை மேலே இருக்குமாறு ஒவ்வொன்றாக மாட்டினேன். கீழ்க்குழாயின் ஒடுங்கிய முனைமேல் மேல்குழாயின் அகன்ற வாயைக் கவிழ்த்துச் செருகுவது எளிதாக இருந்தது. பார்வைக்கும் நேராக, அழகாக நின்றது.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. மேல்குழாயின் ஒடுங்கிய முனை கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உட்சுவரை ஒட்டி இறங்கும் நீர் உள்ளிருந்து உள்ளுக்கே போகும். நான் மாட்டிய முறையில், ஒவ்வோர் இணைப்பிலும் நீர் இடுக்கு வழியே வெளியே வரும். தூறலில் இது தெரியாது. பெருமழை வேண்டும்.

பெருமழை கார்த்திகையில் வந்தது. இரவெல்லாம் கொட்டிய மழையில் ஐந்து இணைப்புகளிலிருந்தும் நீர் கசிந்து பின்சுவரில் ஊறி உள்ளே இறங்கியது. சுவரோரம் அடுக்கியிருந்த காப்பி மூட்டைகள் நனைந்தன. பழத்தோல் உரித்துக் கழுவி உலர்த்திய கொட்டை ஒருமுறை ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும், மணம் கெடும், விலை போகாது. ஆள் அனுப்பி எங்களை வரவழைத்தார்கள்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை நல்ல மனிதர். அத்தாவிடம் பல்லாண்டுப் பழக்கம். நனைந்த மூட்டைகளைக் காட்டிவிட்டு, அவரே ஒரு வழியும் காட்டினார்: "புது மெஷின்னு சொன்னீங்களே பாய், அது சரியா சுருக்கலையோ? தகட்டுலதான் ஏதாவது கோளாறோ? முதலாளிகிட்ட அப்படிச் சொல்லிடலாம்."

அத்தா ஏணியில் ஏறி ஓர் இணைப்பைத் தடவிப் பார்த்தார். இறங்கினார். என்னை ஒரு கணம் நோக்கினார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் எழுத்தில் வைக்க இயலவில்லை. பிறகு கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்: "மெஷின் சரியாத்தாங்க உருட்டிச்சு. தகடும் நல்ல தகடு. மாட்டினது நாங்க. தப்பு எங்களது."

"நாங்க" என்றார். "பையன்" என்று சொல்லவில்லை.

அன்று முழுதும் குழாய்களைக் கழற்றித் தலைகீழாக்கி மாட்டினோம். கூலியில் ஒரு காசும் வாங்கவில்லை. நனைந்த மூட்டைகளுக்கு ஈடாக ஒரு தொகையும் தருவதாக ஒப்புக்கொண்டார். மலையிறங்கும்போது அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு மாட்டணும் தம்பி."

அடுத்த ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாத வயது. விடுமுறைக்கு வந்தபோதுதான் பட்டறையில் நெளியுருளை எந்திரம் இல்லை என்பதைக் கண்டேன். அத்தா குறடு ஒன்றைக் கையில் பிடித்து, குழாய் விளிம்பை ஒவ்வொரு நெளிவாகக் கையாலேயே சுருக்கிக்கொண்டிருந்தார். ஒரு குழாய்க்கு அரைமணி நேரம். கட்டைவிரல் காய்த்துக் கறுத்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால், அருகே சாத்தியிருந்த ஒவ்வொரு குழாயின்மீதும் சிவப்பு வண்ணத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று வரையப்பட்டிருந்தது. அதற்கு முன் அப்படி ஒரு வழக்கம் எங்கள் பட்டறையில் இருந்ததில்லை.

குழாய் செய்யும் எந்திரத்தின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர் 1825-இல், பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை வளைய அச்சின் வழியே இழுத்து, விளிம்புகள் ஒட்டிக் குழாயாகும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சேலத்து இரும்பை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் ஆலை தொடங்கினார். அங்கே உருவான இரும்பு, ராபர்ட் ஸ்டீபன்சன் வேல்ஸ் நாட்டில் 1850-இல் கட்டி முடித்த பிரிட்டானியாப் பாலத்தில் பயன்பட்டதாக எழுதப்பட்டிருக்கிறது. தகடுகளை ஆணியறைந்து இணைத்த, இரயில் உள்ளே ஓடும் அளவுக்குப் பெரிய குழாய்களால் ஆன பாலம் அது. 120 ஆண்டுகள் காற்றையும் கடலையும் தாங்கிய அப்பாலம் 1970-இல் தீக்கிரையானது. வௌவால் தேடி உள்ளே புகுந்த சிறுவர்கள் கையில் இருந்த பந்தம்தான் காரணம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளியூர்க் கிடங்கின் பின்சுவர் நினைவுக்கு வந்தது.

நம் மாநிலத்திலும் காலம் மாறியது. ஆவடியில் 1955-இல் தொடங்கிய ஆலை எஃகுப் பட்டையைக் குழாயாக்கியது. 1981-இல் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது. கோவையில் ஒரு குழாய் ஆலையைப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. சுருளாக வந்த எஃகுப் பட்டை, வரிசையாக நின்ற உருளை இணைகளுக்குள் புகுந்தது. முதல் இணை விளிம்பைச் சற்றே தூக்கியது; அடுத்தது இன்னும் சற்று; ஓடையாகி, வாய்க்காலாகி, முடிவில் விளிம்புகள் முத்தமிடும் இடத்தில் உயர் அதிர்வெண் மின்சாரம் அவற்றைச் சூடேற்ற, அழுத்தும் உருளைகள் ஒன்றாக்கின. ஓட்டம் நிற்காமலே இரம்பம் வேண்டிய நீளத்திற்கு அறுத்தது. இன்னொரு கூடத்தில் மற்றொரு எந்திரம், நாடாபோன்ற தகட்டைத் திருகுச் சுருளாகச் சுற்றி, விளிம்போடு விளிம்பை மடித்துப் பூட்டியது. நாடா நுழையும் கோணத்தை மாற்றினால், அதே நாடாவில் வேறு விட்டமுள்ள குழாய் கிடைக்குமாம். அத்தா இதைக் கண்டிருந்தால் ஒருநாள் முழுதும் அங்கேயே நின்றிருப்பார். அவசரப்படாமல் சிறிது சிறிதாக வளைக்கும் அதே பாடம்தான் அங்கும் நடந்துகொண்டிருந்தது.

தோட்டங்களில் இன்று பிளாஸ்டிக் குழாய்களே மிகுதி. அத்தா மறைந்து ஆண்டுகள் பலவாயின. பட்டறையை என் தமக்கை மகன் நடத்துகிறான். உணவகங்களுக்குப் புகைபோக்கிக் குழாய் செய்வதே இப்போது முதன்மையான தொழில். மின்மோட்டார் பூட்டிய புது எந்திரம் வந்துவிட்டது. ஆயினும் பழைய கை எந்திரத்தை அவன் விற்கவில்லை. அண்மையில் போயிருந்தபோது, முடிந்த குழாய்களின்மீது பேனாவால் அம்புக்குறி இட்டுக்கொண்டிருந்தான்.

"புகை மேலேதானே போகும், நீ ஏன் அம்பைக் கீழ்நோக்கிப் போடுகிறாய்?" என்று கேட்டேன்.

"புகை மேலே போகும் மாமா, ஆறினதும் அதுல இருக்கிற எண்ணெயும் ஈரமும் கீழே இறங்கும். இறங்குறதை நினைச்சுத்தான் மாட்டணும். நன்னா போட்ட வழக்கம், நானும் போடுறேன்" என்றான்.

அந்த வழக்கம் எப்போது, யாரால் தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியாது. அன்று அவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. எத்தனையோ மாணவர்களிடம் தேர்வுத்தாள் கடினம், நூலகம் போதாது, கருவி பழுது என்னும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர்களாகிய நாங்களும் அவ்வாறு சொல்லியிருக்கிறோம். அவ்வேளைகளில் எல்லாம் ஓர் ஏணியின் அடியில் நின்று, காய்ச்சல் தேறாத உடம்போடு, "மாட்டினது நாங்க" என்று சொன்ன குரல் என் காதில் கேட்கும். அந்தக் கடனை அம்மாணவர்களிடம் சிறிதளவாவது அடைத்தேனா என்று அறியேன். தமக்கை மகனிடம் சொல்லாததை இம்மலரில் எழுதிவிட்டேன். அச்சானதும் முதற்படியை அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.