ஜன்னல் வேர்க்குது

லீட்ஸுக்கு வந்த முதல் குளிர்காலம். காலையில திரைச்சீலையை விலக்கினா ஜன்னல் கண்ணாடி பூரா தண்ணி. வெளியில மழை இல்ல, இது உள்பக்கம். பழைய துண்டால துடைச்சுப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும். குளிர் ஊருன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

ஜனவரி கடைசியில பொண்ணோட கட்டிலை நகர்த்தினா, பின்னால சுவத்துல கறுப்பா புள்ளி புள்ளியா பூஞ்சை. ஒன்றரை வயசு அவளுக்கு. ரெண்டு வாரமா ராத்திரியில இருமிக்கிட்டே இருந்தா. வயித்தைக் கலக்கிருச்சு. இங்கேருந்து ரொம்ப தூரமில்லாத ராச்டேல்ல, 2020 டிசம்பர்ல, அவாப் இஷாக்னு ரெண்டு வயசுப் பையன் வீட்டுப் பூஞ்சையாலதான் இறந்தான்னு 2022ல விசாரணையில சொன்னதைப் படிச்சிருக்கேன்.

வீட்டு ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். "சமையல் ஆவியைக் குறைங்க, ஜன்னலைத் திறந்து வைங்க"ன்னு ரெண்டே வரியில பதில். தங்கமணிக்கு வந்துச்சே கோவம்! "இட்லி அவிச்சா குத்தமா?"

காலேஜ்ல தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வைக்காம தப்பிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு :-) மறுபடி உக்காந்து படிச்சேன். 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில 9 கிராம் சொச்சம்தான். வீட்டுக்குள்ள 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்னா, 12 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதைத் தொட்டாலும் ஆவி தண்ணியாயிரும். முதல்ல மாட்டுறது கண்ணாடி, அடுத்தது வெளிச்சுவரோட மூலை. சென்னையில ஏசி ரூம் ஜன்னல் வெளிப்பக்கம் வேர்க்கும் பாருங்க, அதே விதிதான். பக்கம் மட்டும் மாறுது.

சின்னதா ஒரு ஈரப்பத மானி வாங்கி படுக்கையறையில வச்சேன். விடிகாலையில 78 சதவீதம்! யாருடா குற்றவாளின்னு தேடினா... அடியேனேதான்.

ஒண்ணு, துவைச்ச துணியை ராத்திரி அந்த ரூம் ஹீட்டர் மேலேயே காயப்போட்டது நான். ஒரு மெஷின் துணியிலேருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் தண்ணி காத்துல கலக்கும். ரெண்டு, ஜன்னல் சட்டத்துக்கு மேல காத்து வர வச்சிருந்த சின்ன திறப்பை, ஹீட்டர் பில்லுக்குப் பயந்து டேப் போட்டு ஒட்டினதும் நான். இதுல மூணு பேரோட மூச்சுக்காத்து வேற. இட்லிக் குண்டானுக்குப் பங்கு உண்டுதான், ஆனா ஏ-ஒன் நான்தான்.

ஏஜென்டும் உத்தமர் இல்ல. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்ல ஒரு டிஷ்யூ தாளை வச்சுப் பார்த்தேன். ஒட்டாம பொத்துனு விழுந்துச்சு. சத்தம் மட்டும்தான், இழுக்கவே இல்ல. அந்த வீடியோவையும் ஒரு வார ஈரப்பதக் கணக்கையும் அனுப்பினதும், மூணு வாரத்துல புது ஃபேன் வந்துச்சு.

டேப்பைப் பிச்சாச்சு. துணி இப்ப பாத்ரூம்ல, கதவைச் சாத்தி ஃபேன் போட்டு. கட்டில் சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளி. ஹீட்டரைத் திடீர்னு கொதிக்க விட்டு அணைக்காம, நாள் பூரா மிதமா. காலையில பத்து நிமிஷம் எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறந்து விடுறது. மழை நாள்ல திறந்தா ஈரம் உள்ள வராதான்னு தங்கமணி கேட்டா. வெளியில 2 டிகிரின்னா, முழுசா நனைஞ்ச காத்துல கூட 5.6 கிராம்தான் இருக்கும். அது உள்ள வந்து 20 டிகிரிக்குச் சூடானா ஈரப்பதம் சுமார் 30 சதவீதம்தான்!

இப்ப மானியில 55. இருமல் பிப்ரவரி நடுவுல நின்னுச்சு. பூஞ்சையாலயா, வெறும் சளியான்னு டாக்டரும் அடிச்சுச் சொல்லல. ஈரக் கண்ணாடியில விரலால கிறுக்குற விளையாட்டு போச்சேன்னு பொண்ணுக்குத்தான் வருத்தம்.

இட்லிக்கு விடுதலை கிடைச்சிருச்சு. எனக்கு இன்னும் கிடைக்கல.

பி.கு: ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல தண்ணி கோத்திருந்தா மேல சொன்ன எதுவும் உதவாது. சீல் போயிருச்சுன்னு அர்த்தம். கண்ணாடியை மாத்தணும்.